கதிரையில் உட்கார்ந்து முடித்த பைனல்

அதான் சொல்றேன் மதினி, அடிதடின்னு நெனச்சு கங்காணி வீட்டம்மா ஓடியாந்திருச்சு. அடிதடிதான், ஆனா ரெண்டு பேரும் கதிரையில உக்காந்துகிட்டு. எங்க வாசல்ல, போன ஞாயிறு. நீங்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்க, பாக்கல.

ஒண்ணு என் மகன். மத்தவன் கீழ்க் கிராமத்துச் சிங்களப் புள்ள, பள்ளிக்கூடத்துல இவனோட ஒண்ணா பொக்சிங் பழகுனவன். புள்ளன்னு சொல்றேன், தலையெல்லாம் நரைச்சிருச்சு. அப்ப கைக்குத் துணி சுத்த எங்கிட்டதான் வருவானுங்க. எனக்கென்ன தெரியும், கொழுந்து பறிக்கயில நாம சுத்துவோமே, அப்படியே வெரல் வெரலா சுத்தி விட்டேன். கைய மூட முடியாம நின்னானுங்க.

பொக்சிங் நல்லாப் பழகலாம்னுதான் அந்தச் சிங்களப் புள்ள ஆமியில சேந்தான். அட்டன்ல பைனல், இவனுக்கும் அவனுக்கும். லீவுல வந்திருந்தான். வடக்க சண்டை பெருசாயிருச்சுன்னு லீவ வெட்டிட்டாங்க. பைனலன்னிக்குக் காலையில ரயிலேறிட்டான். எதுக்க ஆளில்லாம என் மகன் கையில கப்பக் குடுத்தாங்க. "குத்தாத கப்பு"ன்னு அலமாரி மேல கவுத்து வச்சான். அதோட இவனும் பொக்சிங்க விட்டுட்டான்.

அவன் திரும்பி வந்தப்ப ஒரு காலு இல்ல. மிதிவெடி. மேல ஏறி வரவே இல்ல. இந்தக் கப்ப வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட போறதுன்னு இவனும் எறங்கல. எத்தன வருஷம் மதினி.

போன மாசம் அவங்கம்மா செத்த வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா, போனான். "கப்பு ஒன்னோடது, கொண்டாந்து தாரேன்"னிருக்கான். "சும்மா தந்தா வேணாம் மச்சாங். குத்தித்தான் எடுப்பேன்"னுட்டானாம் அவன்.

ஞாயித்துக்கெழம ஆட்டோவுல வந்தான். நான்தான் துணி சுத்துனேன். கையப் பாத்துட்டு, "அம்மே, இன்னும் கொழுந்துக்குத்தான் கட்டுறீங்க"ன்னான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அப்புறம் அவனே அவுத்துச் சுத்திக்கிட்டான்.

மொதக் குத்துலயே என் மகன் மூக்குல ரத்தம்.

"வேணும்னே வாங்குனியாடா?"

"இல்லடா, ஒங் கை வேகம் இன்னும் போகல."

சொல்லிட்டு இவன் அழுவுறான். அவன் இவன் தலையப் புடிச்சு நெஞ்சுல சாச்சுக்கிட்டான். போகும்போது கப்ப மடியில வச்சுக்கிட்டுத்தான் போனான்.

இப்ப இவன் இன்னொரு தடவ குத்தக் கூப்பிட்டிருக்கான், கப்ப மீக்கணுமாம். நாளைக்கு அவன் வாரான். இந்தா, தூத்தல் விழுது. சுத்துற துணியெல்லாம் கொடியில கெடக்கு மதினி, எடுத்துட்டு வந்துர்றேன்.