சகாயமேரியின் கட்டில்

வத்தல்மலைத் தீர்த்தனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் செத்தவர்களுக்குத்தான் கல் வைப்பார்கள் என்று தெரியும்.

முப்பத்தொன்பதாம் வருஷம், சாமை அறுப்புக் காலம். வயிற்றில் பிள்ளை குறுக்கே விழுந்து தவித்த மனைவி குள்ளம்மாளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு, தீர்த்தனும் தம்பி மாதப்பனும் மலையிறங்கி வந்தார்கள். வந்து சேர்ந்தது தர்மபுரிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி. நர்ஸ் படிப்பும் அங்கேயே. பெண்கள் வார்டில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. அதன் தலைமாட்டுச் சுவரில் எழுத்து வெட்டிய வெள்ளைக் கல் பதித்திருந்தது.

"யார் பேருங்க அது?"

"சகாயமேரி. எங்களோட படிச்ச பொண்ணு. செத்துட்டா," என்றாள் நர்ஸ் படிப்புக்காரி வேளாங்கண்ணி.

தீர்த்தன் தூளிக் கழியை மறுபடி தோளில் ஏற்றினான். "டேய் மாதப்பா, தூக்குடா. செத்தவ கட்டில்ல இவளப் படுக்க வெக்க மாட்டேன்."

"தரையிலயாச்சும் எறக்குங்கடா பாவிங்களா!" என்று தூளிக்குள்ளிருந்து குள்ளம்மாள் கத்தினாள்.

வேளாங்கண்ணி வாசலை மறித்தாள். "வூடு போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிரும். தெரியுதா?"

தெரிந்தது. கழியை இறக்காமலே கேட்டான்: "அந்தப் பொண்ணு எப்படிங்க செத்துச்சு?"

"போன வருஷம் காலரா. சீக்காளிங்களச் சொந்தக்காரங்களே போட்டுட்டு ஓடினாங்க. அவ ஓடல. வாந்தி அள்ளினா, கஞ்சி ஊத்தினா. கடைசியில அவளுக்கே தொத்திக்கிச்சு. இந்தக் கட்டில்லதான் போனா."

தீர்த்தன் கல்லை அண்ணாந்து பார்த்தான். அவன் ஊர் எல்லையிலும் ஒரு கல் உண்டு. மாட்டுப்பட்டியில் பாய்ந்த புலியோடு கட்டிப்புரண்டு செத்தவனுக்கு நட்டது. அதைக் கும்பிடாமல் யாரும் விதை போட மாட்டார்கள். அதில் ஆள் உருவம், இதில் எழுத்து. அவ்வளவுதானே! தலைக்கட்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"எறக்குடா, இது வீரக்கல்லு. குள்ளி, இங்கயே படு. இவ உன்னை வுட மாட்டா."

பொழுது சாயும் நேரம் பெண் குழந்தை வீறிட்டது. குள்ளம்மாளும் கண் திறந்தாள். வெளியே வந்த டாக்டரம்மாவைத் தீர்த்தன் விழுந்து கும்பிட்டான்.

"ஆடு வெட்டணுமுங்க."

"எங்கே?"

"உள்ளதானுங்க, கல்லு முன்னால."

"வார்டுக்குள்ள ஆடு வந்தா, முதல் ஊசி உனக்குத்தான்!"

அடுத்த அறுப்புக்கு ஆடு வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குள்ளம்மாள் வந்தாள். கல்லுக்கு மஞ்சள் பூசி, கீழே ஒரு கை புதுச்சாமை வைத்தாள். ஈரத்துணியோடு ஓடிவந்த வேளாங்கண்ணியை, "இருக்கட்டும், துடைக்காதே," என்று டாக்டரம்மா தடுத்தாள்.

கட்டிலில் வேறொருத்தி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். குள்ளம்மாள் குனிந்து, கையில் மிச்சமிருந்த மஞ்சளை அவள் நெற்றியில் வைத்தாள்.

"பயப்படாத தாயி. நானும் இதுலதான் படுத்திருந்தேன்."