எலிங்க எப்பிடி இருக்குது?

எங்கள் வீட்டுச் சிவப்புப் பசு தீனி எடுக்காமல், வாயில் நுரை ஒழுக நின்றது. அப்பா பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டார். "மாங்கொட்டை அடைச்சிக்கிச்சு." மாம்பழக் காலத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எந்த மாடு திணறினாலும் முதல் சந்தேகம் மாங்கொட்டை மேல்தான். மாட்டு டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன். நான் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்? சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கையை அதன் தொண்டைக்குள் விட்டுத் துழாவினார். கொட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் கீறி ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் பசு செத்துப்போனது. வந்த மாட்டு டாக்டருக்கு, அப்பாவின் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மாட்டை நாய் ஏதாச்சும் கடிச்சிருந்துச்சுங்களா?" யார் கண்டது? வெறிநோய் வந்த மாடு விழுங்க முடியாமல் இப்படித்தான் திணறும், தொண்டையில் ஏதோ சிக்கியது போலவே தெரியும் என்றார். அந்த நோய் மனிதனுக்கு வந்துவிட்டால் பிழைப்பதில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி ஆரம்பித்தார்கள். ஊசி போட்டாலும் நூற்றுக்கு நூறு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பசுவின் மூளையில் ஒரு துண்டு, ஐஸ் பெட்டியில் மொரப்பூரிலிருந்து ரயிலேறி நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை என்று முதல் தகவல் வந்தது. அதை நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாதாம். அந்த மூளையைக் கரைத்து வெள்ளெலிகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்களாம். வைரஸ் இருந்தால் எலிகள் சில வாரத்தில் செத்துவிடும், இல்லாவிட்டால் பிழைத்துக் கிடக்கும். "நீயே போன் பண்ணிக் கேக்கலாம்மா. அந்த மூளைத் துண்டுக்குக் குடுத்த நம்பரைச் சொன்னா யாருக்கு வேணும்னாலும் முடிவு சொல்லுவாங்க," என்றார் மாட்டு டாக்டர். ஆக, எங்கப்பா உயிர் எலிகளிடம் போய்ச் சேர்ந்தது.

டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான்தான் என்பதால் போன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. தபால் ஆபீசில் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடப்பேன். லைன் கிடைத்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். "சார், எலிங்க எப்பிடி இருக்குது?" முதல் தடவை அங்கிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விஷயம் பரவிய பிறகோ நான் போனை வைப்பதற்குள் கூட்டம் கூடிவிடும்.

"என்னம்மா சொன்னாங்க?"

"நல்லா இருக்குதாம். தீனி எடுக்குதாம்."

"அப்பாடா!"

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். எங்கள் தெருவில் எலிப்பொறி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. அங்கே எலி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இங்கே எலியை அடிப்பதா என்று எல்லாருக்கும் ஒரே பயம். பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். அம்மா எங்கள் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு, எலிகளின் உடல்நலத்துக்காக என்று வேண்டுதல் கருத்து சொல்லிவைத்தாள். சாமியார் அதைப் பீடத்தில் நின்று சொல்லிவிட்டு சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார். கோவில் முழுக்கச் சிரிப்பு. எங்கள் வீட்டு எலிகளுக்கு ராஜ வாழ்க்கைதான். ராகி மூட்டையெல்லாம் ஓட்டை.

"நல்லா தின்னட்டும் விடு. நம்ம சொந்தக்காரங்க," என்றார் அப்பா.

"இந்த மனுசனுக்கு எதுல விளையாடறதுன்னே இல்ல," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

கடைசியாக ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்காரர் சொன்னார்: "ஒரு எலிகூட சாகலைம்மா. வைரஸ் இல்ல. இனிமே நீங்க போன் பண்ண வேண்டியதில்ல." நான் போனைப் பிடித்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன்.

"அய்யய்யோ, செத்துப்போச்சா?" என்று கூட்டம் பதறியது.

"இல்லீங்க! எல்லாம் உசுரோட இருக்குது!"

தபால் ஆபீஸே கைதட்டியது. பசு எதனால்தான் செத்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். "அப்பா, ஒண்ணும் இல்லையாம்பா! எலிங்க எல்லாம் நல்லா இருக்குதாம்!"

வழக்கமான கிண்டல் வரும் என்று பார்த்தேன். வாசலில் அண்ணனின் சின்ன மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா நேராகப் போய் அவளை வாரித் தூக்கினார். கன்னம், நெற்றி, உள்ளங்கை என்று முத்தமாகக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசு செத்த நாளிலிருந்து, அத்தனை கேலி பேசித் திரிந்த மனிதர் ஒரு தடவைகூட அந்தப் பிள்ளையைத் தொடவில்லை.

"மீசை குத்துது, விடு தாத்தா!" என்று அவள் கத்தினாள்.

அவர் விடவே இல்லை.