நான் விழுங்கிய பதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதக் கடைசியில் கொல்லிமலையில் நடந்தது இது. நான் செம்மேட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். காலையில் பஸ்ஸில் மலையேறுவேன், சாயங்காலம் இறங்கிவிடுவேன். எட்டு வருடம் இப்படி வேலை பார்த்தும், பள்ளிக்கூடத்தையும் பஸ் ஸ்டாண்டையும் தாண்டி அதுவரை மலைக்குள் நான் போனதே இல்லை.

டெங்கு பற்றி நான்கைந்து நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்துகின்றன, வியட்நாமிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னபோது நான்தான் முந்திக்கொண்டேன். வெளிநாட்டுக்காரரோடு பேசப்போகிறோம் என்ற பெருமையில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜீப்பில் பெரக்கரை நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். அந்த விஞ்ஞானிக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். வீடு வீடாகப் போய், தண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றிக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கையில் உள்ள தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பார். நான் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூன்றாவது வீட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் ஒரு விவசாயப் பெண். டிரம்மில் புழு நெளிந்தது. "எத்தனை நாளுக்கு ஒருமுறை இதைக் கொட்டிக் கழுவுகிறீர்கள்?" என்பது கேள்வி. கேட்டதுதான் தாமதம், அவர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், வாரத்துக்கு ஒருக்காதான் கொழாயில தண்ணி வருது. இதயும் கொட்டிப்போட்டு எதைங்க குடிக்கறது? போன வருசம் எம் மக டெங்குல சேலத்து ஆசுபத்திரியில கெடந்துட்டு வந்தா. வந்த மறாநாளே மருந்தடிக்கறம்னு வந்தவிங்க ஒரு வார்த்தை கேக்காம டிரம்மக் கவுத்திட்டுப் போயிட்டாங்க. எந்திரிச்சு நிக்கமாட்டாத புள்ள எங்கூட கொடத்தத் தூக்கிட்டு ஊத்துக்கு நடந்துச்சு. இந்தம்மா ஊருல டிரம்மக் கவுத்தா தண்ணி தானா வந்துருமான்னு கேளுங்க!"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் முன்னால் இப்படியா பேசுவது, நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் தோன்றியது. "வாரம் ஒருமுறை கழுவுகிறார்களாம். நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். "நான் அத்தன பேசுனேன், நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுப்போட்டீங்க?"

"இங்கிலீஷ்ல அவ்வளவுதாங்க வரும்" என்றேன்.

ஒரு பொய் சொன்ன பிறகு அடுத்தது சுலபமாக வந்தது. பல வீடுகளில் ஏறக்குறைய இதே பதில்தான். எல்லாவற்றையும் "வாரம் ஒருமுறை" என்றே மாற்றிச் சொன்னேன்.

மதியம் பலா மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விஞ்ஞானி தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சின்னக் குப்பியை எடுத்து என்னிடம் காட்டினார். உள்ளே கூட்டுப்புழுக்கள். இந்த மலைக் குளிரில் இந்த அளவு வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். வாரம் ஒருமுறை கழுவும் டிரம்மில் இது எப்படி வந்தது என்று கேட்டார். குரலில் சந்தேகம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார். இதே கேள்விகளை இலங்கையிலும் அவர் நாட்டிலும் கேட்கிறார்களாம். 'கழுவியும் கொசு வருகிறது' என்று இங்கிருந்து எழுதிப்போனால், கழுவச் சொல்வதில் பயனில்லை என்று அங்கே இருப்பவர்களும் முடிவு செய்துவிடக்கூடும் என்றார்.

நான் ஒரு டிரம்மைப் பற்றித்தான் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத எத்தனையோ ஊர்க் குழந்தைகளின் காய்ச்சல் அதில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார். "வாருங்கள், மறுபடியும் போகலாம்" என்றார்.

அந்த மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, நடந்ததை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிக் குறுகி நின்றதில்லை.

"நன்றி சொன்னேன்னா சொன்னீங்க? நான் எதுக்குங்க நன்றி சொல்லோணும்?" என்றார். பிறகு, காலையில் சொன்னதை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஒரு வரி சொல்வார், நிறுத்துவார். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்ப்பார். அப்புறம்தான் அடுத்த வரி. மகள் குடம் தூக்கிய இடம் வந்தபோது நான் பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். அதற்கும் காத்திருந்தார்.

கேட்டு முடித்ததும் அந்த விஞ்ஞானி பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய அம்மா வீட்டிலும் மழைத் தண்ணீரை ஜாடிகளில்தான் பிடித்து வைப்பார்களாம். அதிகாரிகள் வந்தால் கொட்டிவிடுவார்கள் என்று வாழை இலை போட்டு மறைப்பாராம் அவர் அம்மா. நான் இதைத் தமிழில் சொன்னதும் அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தார். "அங்கயும் அப்படித்தானா?"

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசினார்கள், நான் வெறும் குரலாக மட்டும் இருந்தேன். மூடி போடலாமே என்று கேட்டார் விஞ்ஞானி. "மூடி போட்டா கூரையில இருந்து வர்ற மழத் தண்ணி எப்படிங்க உள்ள போவும்?" என்றார் அந்தப் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், கணவரின் பழைய வேட்டியைக் கொண்டுவந்து இரண்டாக மடித்து டிரம்மின் வாயில் இழுத்துப் போட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே இறங்கிவிட்டது. கொசு நுழைய இடுக்கு இருக்கிறதா என்று அந்த விஞ்ஞானி சுற்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். துணி தொய்ந்து மேலேயே தண்ணீர் தேங்கக்கூடாது, கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னார். தாளில் இதை எழுதக் கட்டம் இல்லாததால் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மற்ற வீடுகளுக்கும் மறுபடி போனோம். அந்தப் பெண்ணும் கூடவே வந்து, ஒவ்வொரு வீட்டிலும் கட்டிக் காட்டினார்.

அந்த மழைக்காலத்தில் அந்த ஊரில் டெங்கு வரவில்லை. துணி கட்டியதால்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்கள் கழித்து அந்த விஞ்ஞானியிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. எல்லா நாடுகளுக்கும் போகும் கேள்வித்தாளில் 'உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?' என்பதை முதல் கேள்வியாகச் சேர்த்துவிட்டார்களாம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கு நானாகவே பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன்.

"அதைய மொதல்லயே கேட்டிருக்கோணுமல்லோ?" என்றார்.

ஊர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அன்று நான் காப்பாற்றியது என் கூச்சத்தை மட்டும்தான். இப்போதெல்லாம் பள்ளிக்கு வரும் ஒரு அம்மா கோபமாக ஏதாவது சொன்னால், அதை மெருகு போட்டுத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல என் நாக்கு எழுவதில்லை.