சாமிக்கு எடுத்துவைத்த தேங்காய்

வைகாசி உற்சவத்தில் சாமி பெரிய தெருக்களையெல்லாம் சுற்றும். எங்கள் தெரு முனைவரை வந்து அப்படியே திரும்பிவிடும். நாங்கள் முனையில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். ஏன் உள்ளே வருவதில்லை என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளன். ஒரு வருஷம் உற்சவத்தை ஒட்டித் திருவிழாப் புத்தகங்களை மேசையில் பரப்பிவைத்தோம். அரசாங்க சினிமா வண்டியையும் வரவழைத்தார் நூலகர். முந்தைய வருஷத்து உற்சவத்தைப் படம் பிடித்திருந்தார்களாம். "உங்க தெருவுலயும் ஒரு நாள் போட்டுடலாம்பா," என்றார். நல்ல மனுஷர்.

களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்போ சாமி நம்ம தெருவுக்குள்ள வருதுன்னு சொல்லு," என்றாள்.

படம் போடும் நாளில் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டாள். அதைப் பார்த்துத் தெருவே போட்டது. தட்டில் தேங்காய், வெற்றிலை, பூ, கற்பூரம். தன் வாசலில் சாமி நின்று தட்டு வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அது வெறும் படம்மா."

"எனக்குத் தெரியாதா? செவுத்துல மாட்டிக்கினு இருக்கிற படத்துக்குக் கற்பூரம் காட்டறோமே, அது இன்னா நெசமா?"

நான் வண்டிக்காரருக்கு இடம் காட்டப் போனேன்.

இருட்டியதும் எங்கள் வீட்டெதிரில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தை ஓட்டினார்கள். மேளம், குடை, வாகனம். பெரிய தெருவில் சாமி ஒவ்வொரு வீட்டின்முன்னும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் தேங்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் அவரவர் வாசலிலேயே தரிசனம் என்று படத்தில் கணீரென்ற குரலில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் எங்கள் முனைக் குழாயடி தெரிந்தது. "நம்ம தெருடா," என்று பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா எழுந்து நின்று கற்பூரத்தை ஏற்றினாள்.

சாமியின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். சாமியின் முதுகு தெரிந்தது. அடுத்து கோபுரம், புறாக்கள். படம் முடிந்துவிட்டது.

எனக்கு அவமானமாக இருந்தது, யார்மேல் என்று சொல்ல முடியாத கோபமும். வண்டிக்காரர் அம்மாவின் கையிலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா போடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம்பா. இன்னொரு தபாவும் அங்கயேதான் திரும்பும்."

குரலில் கோபமே இல்லை. கற்பூரம் தானாக எரிந்து அணையும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பழையதுக்குத் தேங்காய்த் துவையல் இருந்தது. எந்தத் தேங்காய் என்று நான் கேட்கவில்லை. கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு உருண்டையை என் தட்டில் வைத்தாள்.

"சாப்புடுப்பா. வராதவங்களுக்கு இன்னும் எத்தினி நாளைக்கு எடுத்து வெக்கறது?"

அடுத்த வைகாசியில் நான் கூப்பிட்டும் அவள் முனைக்கு வரவில்லை.