போனில் திரும்பிக்கொண்ட சங்கு

போன வருடம் ஐப்பசியில், கந்த சஷ்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கியது இது. நாங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குச் சங்கு வேலை. மொத்தமாக வாங்கிவந்து, மேல்தோலைச் சுரண்டி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். பூஜை அறையில் வைக்க, புது வீட்டு வாசலில் பதிக்க, குழந்தைக்கு மருந்து புகட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. திருச்செந்தூரில் ஐந்து கடைகளுக்குப் போட்டுவந்தோம். அதில் இரண்டு கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்ததும் வீட்டில் சங்கு மூட்டை மூட்டையாகத் தங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி நைட்டி தைத்துப் போனிலேயே விற்பவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் சங்கைப் படம் எடுத்து விலை போட்டு ஸ்டேட்டஸில் வைத்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏளா, சங்கு போட்டோவ வச்சா எவ வாங்குவா? உன் மூஞ்சியக் காட்டு. என்கிட்ட பேசுத மாதிரியே பேசு. எப்படிக் கழுவணும், எங்கன வைக்கணும்னு சொல்லு. அதத்தான் சனங்க நின்னு பாக்கும்.”

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, பூஜை அறைச் சங்கையே கையில் எடுத்துக்கொண்டு, போனை என் பக்கம் திருப்பிப் பேசினேன். முன்பக்கக் கேமராவில் எடுத்தால்தான் என் முகம் எனக்குத் தெரிந்தது, பயமில்லாமல் இருந்தது. சங்கை உப்புப் போட்டுக் கழுவுவதையும் பச்சரிசி பரப்பி அதன்மேல் வைப்பதையும் சொன்னேன். கடைசியில் விலையையும் என் வாட்ஸ்அப் நம்பரையும் சொல்லி நெட்டில் போட்டேன். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு உதவியும் செய்தாள். யார் வாட்ஸ்அப்பில் என்ன கேட்டாலும், “வணக்கம், இருக்கிறது, முகவரி அனுப்புங்கள்” என்று தானாகவே பதில் போகும்படி அமைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாளே வீடியோவைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். முகவரிகள் வந்து குவிந்தன. நானும் அவரும் தேங்காய் நாரும் பழைய பேப்பரும் சுற்றிச் சுற்றிப் பார்சல் போட்டோம். யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க நேரமில்லை. முகவரியை மட்டும் பார்த்து எழுதினேன். முருகன் கண் திறந்துவிட்டான் என்று சஷ்டிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தேன்.

விரதத்தின் முதல் நாள் காலையில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“வீடியோவுல வலம்புரியக் காட்டிப்போட்டு இடம்புரிய அனுப்பி வெச்சிருக்கறீங்க. புது ஊட்டுல வலம்புரி வெக்கறேன்னு சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் சொல்லிட்டனுங்க. பால் காச்சுன அன்னிக்கு என்ர மச்சான் எல்லாரும் இருக்கறப்ப எடுத்துக் காட்டிச் சிரிக்கறான். சஷ்டிக்கு நாங்க திருச்செந்தூர் வர்றோம். பார்சல்ல உங்க அட்ரஸ் இருக்குதல்லோ, நேர்லயே வந்து கேட்டுக்கறோம்.”

நான் வலம்புரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வலம்புரி என்றால் சும்மாவா? கடலில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஆயுளில் ஒன்று கிடைத்தாலே பெரிய பேச்சு. ஒடுங்கி நீளும் வால் முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், அது இடது பக்கம் திறப்பது இடம்புரி என்கிற சாதாரணச் சங்கு, வலது பக்கம் திறந்தால்தான் வலம்புரி. ஊரில் நாங்கள் விற்பதெல்லாம் சாதாரணச் சங்குதான். அது எங்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் வீடியோவில் சொல்லவே தோன்றவில்லை.

வீட்டுக்காரர் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

“ஏளா, இது யாரு வீட்டுச் சங்கு?”

“நம்ம பூஜ ரூம் சங்குதாங்க.”

அவர் போய் அந்தச் சங்கை எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். கையில் இருந்தது இடப்பக்கம் திறந்திருந்தது. போனில் இருந்தது வலப்பக்கம். எத்தனையோ ஆயிரம் சங்கு பார்த்த மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏதோ தெய்வக் குற்றம் என்று நான் சங்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, கல்யாணமாகி இத்தன வருசமாச்சு, முந்தானைய எந்தத் தோள்ல போடணும்னு தெரியாதா உனக்கு?”

பார்த்தால், வீடியோவில் என் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. அவள்தான் சொன்னாள், முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போனில் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி எல்லாம் மாறித்தான் பதிவாகும் என்று. நைட்டிக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. சங்குக்கு எல்லாமே கெட்டுவிட்டது.

அப்புறம்தான் வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். “வலம்புரிதானே?” “வலம்புரி இந்த விலைக்கா?” என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். அத்தனைக்கும் என் போன் “வணக்கம், இருக்கிறது” என்று பதில் சொல்லியிருந்தது. விரத வயிறு காந்தியதைவிட அது அதிகமாகக் காந்தியது.

“பேசாம வீடியோவ அழிச்சிட்டு எல்லாரையும் பிளாக் பண்ணிரு” என்றாள் அவள். நல்லதுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்காரர், “இது திருச்செந்தூருக்குத் தெரிஞ்சா மிச்சமிருக்குத மூணு கடையும் போயிரும்” என்று மட்டும் சொன்னார்.

சாமி அறையில் போய் நின்றேன். முருகன் பேரைச் சொல்லித்தான் அந்த வீடியோவே எடுத்தேன். காப்புக் கட்டிய கையால் ஊரை ஏமாற்றிவிட்டு எந்த முகத்தோடு சூரசம்ஹாரம் பார்ப்பது? பக்கத்து வீட்டுக்காரியையே பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொன்னேன். முந்தானையைக் காட்டினேன், சங்கைக் காட்டினேன், நடந்ததை நடந்தபடி சொன்னேன். “இது வலம்புரி இல்லை. எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு. வேண்டாதவர்கள் திருப்பி அனுப்புங்கள், செலவு எங்களுடையது” என்று பேசி முடித்தேன். பழைய வீடியோவை எடுத்துவிட்டு இதைப் போட்டேன், வாங்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் அனுப்பினேன்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். சிலர் திட்டவும் செய்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். நாலு பேர்தான் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஈரோட்டுக்காரர் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டியது, ஆனால் அவரிடமிருந்து மட்டும் பதில் வரவில்லை. அந்த ஆறு நாளும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வயசான தம்பதி. ஈரோட்டுக்காரர்தான், கையில் துணியில் சுற்றிய சங்கு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நீங்க சொன்னதெல்லாம் கேட்டனுங்க. போனு சங்கத் திருப்புமுங்களா? எனக்கு முன்னாடி செஞ்சு காட்டுங்க.”

அவர் கொண்டுவந்த சங்கையே வாங்கி, அன்றைக்கு எடுத்த மாதிரியே முன்பக்கக் கேமராவில் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். போனைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். அவர் மனைவிதான் முதலில் சிரித்தார்.

“இவுருக்கு உங்க மேல பாதிக் கோவந்தானுங்க. மீதி, ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுப்போட்டமேன்னு தன் மேலயே கோவம்.”

அந்தப் பெரியவர் விறைப்பெல்லாம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்த வீடியோவ என்ர மச்சானுக்கு அனுப்பி விடுங்க. அவனும் ஒருநாள் ஏமாறட்டும்” என்றார். வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரித்தார்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இத வெச்சுத்தானுங்க பால் காச்சுனோம். எந்தப் பக்கம் திறந்தா என்ன, இனி இது எங்க ஊட்டுச் சங்கு” என்று சொல்லி, பையிலிருந்து, திருச்செந்தூர் கோயிலில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதியை எடுத்து என் கையில் வைத்தார். நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஆறு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் இறங்கியது.

கடைக்காரர்கள் மூவரும் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள், கேலி செய்தார்களே தவிர, வாங்குவதை நிறுத்தவில்லை. ஆர்டரும் மெதுவாக வருகிறது, நாங்கள் சமாளிக்கிற அளவுக்கு. தானாகப் போகும் பதிலை எடுத்துவிட்டேன். ஒவ்வொருவர் கேட்பதையும் எழுத்துக் கூட்டிப் படித்து நானே பதில் எழுதுகிறேன். இன்றைக்கும் வீடியோ போடும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, என் கையில் இருப்பதும் அவர்கள் கண்ணில் படுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் முருகா என்று கேட்டுக்கொண்டுதான் விரலை வைக்கிறேன்.