தவ்ஹீதா தெளித்த தண்ணீர்

தவ்ஹீதாவுக்குத் தூசி ஆகாது. விடிந்ததும் வாசலில் தண்ணீர் தெளிப்பாள். சந்தையில் முள்ளங்கி விற்ற காலத்தில் கட்டுகள் மேல் தெளித்தபடியே இருப்பாள். கணவன் இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரும் முன்பும் தெளித்தாள். அவள் கை சும்மா இருக்காது.

அந்தக் கைதான் இன்று வினையாகிவிட்டது.

ஹாஜி பஸ்யூனியின் வயலடியில் ஒரு காலத்தில் நைலின் கிளை ஓடியதா, பக்கத்து மேட்டில் புதைந்த ஊர் அதன் கரையில்தான் இருந்ததா என்று ஆராய வந்த டாக்டர் நெர்மின் இரண்டு ஆட்களை வைத்துத் துளை போட்டுப் பார்க்கிறாள். குழாயில் ஏறிவரும் மண்ணைத் தட்டில் கிடத்துவது தவ்ஹீதாவின் வேலை. காலையில் வந்த அடிமண் வெயிலில் வெடிக்கத் தொடங்கியது. அவள் வாய்க்கால் தண்ணீரை அள்ளித் தெளித்தாள். யாரும் பார்க்கவில்லை.

மண்ணை வெட்டிப் பார்க்க நெர்மின் கத்தியோடு வந்தாள். தவ்ஹீதாவை அவள் 'உம் ரிதா', ரிதாவின் அம்மா, என்றுதான் கூப்பிடுவாள். "இதுலதான் எல்லாம் இருக்கு, உம் ரிதா! அந்தக் காலத்துச் செடிங்களோட மகரந்தம். இன்னைக்குப் பூக்குற சோளத்தோட தூள் கொஞ்சம் கலந்தாக்கூட அத்தனையும் பாழ்."

வாய்க்கால் நெடுகச் சோளம் பூத்து நின்றது. தவ்ஹீதாவின் விரல்களில் இன்னும் ஈரம். சொன்னால் வேலை போகும். சொல்லியும் புண்ணியமில்லை. நண்பகல் லுஹர் பாங்கு சொன்னதும் வாய்க்காலில் ஹாஜியின் முறைத் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் இந்த வயலில் துளை போட முடியாது.

கத்தி மண்ணில் இறங்கப் போனது.

"வெட்டாதீங்க டாக்டர்! தண்ணி தெளிச்சுட்டேன்."

"எதுமேல?"

"இதுமேலதான். காயுதேன்னு..."

"இது என்ன முள்ளங்கியா?" நெர்மின் கத்தினாள்.

வரப்பில் நின்ற ஹாஜி சிரித்தார். "பொணத்தைக் குடுத்தாலும் வாடாம வச்சிருப்பா இவ!"

தவ்ஹீதா அவரிடம் ஓடினாள். "ஹாஜி, மடையைக் கொஞ்சம் பொறுத்துத் திறங்க. இன்னொரு துளை போட்டுக்கட்டும்."

"முறை தவறினா என் நாத்து கருகிடும். நீ வந்து அழுவியா?"

"சரி, கீழ்ப்பக்கம் முதல்ல பாயட்டும். துளையைச் சுத்தி நான் கரை போடுறேன். உடைஞ்சா என் தலைமேல."

"உன் தலையை வச்சு நான் என்ன பண்றது!" என்றபடியே மண்வெட்டியை அவள் காலடியில் எறிந்தார்.

துளைக்காரர்கள் இருவரும் பக்கத்தில் புதிதாகக் குழாயைத் திருகினார்கள். அவள் சேற்றை வெட்டி வெட்டி அவர்களைச் சுற்றிக் கரை கட்டினாள். பாங்கு கேட்டது. கீழ்வயல் நிறைந்து தண்ணீர் மேலே ஏறியது. கரையில் ஓரிடம் கசிந்தது, பிறகு பிளந்தது. தவ்ஹீதா அந்தப் பிளவிலேயே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். இடுப்புவரை தண்ணீர்.

"சீக்கிரம்!"

கடைசிக் குழாய் மேலே வந்தது. நெர்மின் தானே அதைத் தட்டில் கிடத்தினாள். கறுத்த மண், நடுவில் நாணல் வேர். ஒரு மூலை அப்போதே வெளுத்துக் காயத் தொடங்கியிருந்தது. தவ்ஹீதாவின் கை தன்னையறியாமல் தண்ணீரை அள்ளியது.

"உம் ரிதா!"

அவள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

நெர்மின் மண்ணைப் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றினாள். முகத்தில் கோபம் இன்னும் தணியவில்லை. "நாளைக்கு வரும்போது," என்றாள், "அந்தக் கையை வீட்டுல வச்சிட்டு வா."