மஞ்சள் பூசிய ஆர்டர் புத்தகம்

கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் மூன்று ஆண்டுகளுக்கு எந்த அரசு வேலையும் கிடைக்காது. இருபது ஆண்டுகள் பிறருக்குக் கீழே கொத்தனாராக இருந்த சுள்ளிக்கல் இசக்கிராஜா, தன் பெயரில் எடுத்த முதல் அரசு ஒப்பந்தம் இது. நாளை காலை பதினொன்றுக்கு விசாரணை.

கொச்சங்காடியில் வடிகால் தோண்டியபோது குடிநீர்க் குழாய் குறுக்கே வந்தது. ஜூலை மாதம். ஓவர்சியர் நாணு சாயாக்கடை வாசலில் நின்றபடியே, மலையாளம் கலந்த தமிழில், "குழாயை மாத்தட்டும் அண்ணாச்சி, அதுவரை தொடண்டா" என்றார். நான்கு மாதம் தொடவில்லை. கெடு தாண்டிவிட்டது. நிறுத்தச் சொன்னது யார், எங்கே எழுதியிருக்கிறது என்று இப்போது அலுவலகம் கேட்கிறது.

அதிகாரிகள் வேலையிடத்தில் சொல்வதை எழுதிக் கையெழுத்திடத்தான் ஆர்டர் புத்தகம் தந்திருந்தார்கள். சேறு படக்கூடாதென்று அதைச் சாமிப் படங்களுக்குக் கீழே வைத்தார் இசக்கிராஜா. அக்டோபரில் ஆயுத பூஜைக்குக் கரண்டியோடும் ரசமட்டத்தோடும் சேர்த்து அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள் மனைவி கற்பகம். உள்ளே ஒரு வரி இல்லை.

மாலையில் நாணு போன் செய்தார். "புத்தகத்தை எடுத்து வாங்க. பழைய தேதி போட்டு எழுதித் தரேன். ஆரும் அறியாது."

கற்பகம் புத்தகத்தைப் பிரித்தாள். குங்குமம் அட்டை தாண்டி முதல் பக்கத்தில் ஊறியிருந்தது.

"ஜூலைல எழுதுனது எப்படிக் குங்குமத்துக்கு மேல இருக்கும்னு கேட்டா?"

"ரெண்டாம் பக்கத்துல எழுதச் சொல்லுதேன்."

"மொதப் பக்கத்த ஏன் விட்டீகன்னு கேப்பாக."

"நல்லா வெச்சே குங்குமம்."

"எழுத வேண்டியதக் கும்பிட்டது நானா?"

நடந்தது உண்மை என்றால் அதற்கு அடையாளமும் தானாகவே இருக்குமென்று இதுவரை நம்பியிருந்தார் இசக்கிராஜா. நாணு மீண்டும் அழைத்தபோது எடுக்கவில்லை.

மறுநாள் விசாரணையில் பொறியாளர் கமலாக்ஷி பக்கங்களைப் புரட்டினார். விரலில் மஞ்சள் ஒட்டியது. "இதில் ஒண்ணும் இல்லையே."

"இல்ல மேடம். ஓவர்சியர் சார் வாயாலதான் சொன்னாரு. நான் எழுதி வாங்கல."

கமலாக்ஷி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "குழாய் மாத்தின தேதிக்குக் குடிநீர் ஆபீஸ்ல கடிதம் வாங்கிட்டு வாங்க. பதினைஞ்சு நாள். இல்லெங்கில் பட்டியல்தான்."

வாசல்வரை போன இசக்கிராஜா திரும்பி வந்து, புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து மேசையில் தள்ளினார்.

"அந்தப் பதினஞ்சு நாள இதுல எழுதித் தாங்க மேடம்."

"இது சைட்டில் எழுதுற புத்தகமாக்கும்."

"தெரியும் மேடம்."

குங்குமம் படாத இடம் பார்த்து கமலாக்ஷி எழுதிக் கையெழுத்திடும்வரை இசக்கிராஜா அங்கிருந்து அசையவில்லை.